அனுமதி வரவில்லை, பசு செத்தது!

இளம் பசு ஒன்று. தலையை இரும்புச் சட்டத்திலே பூட்டி, அசைய முடியாதபடி நிறுத்திவிட்டார்கள். அதனிடம் பொலிகாளைகளை அவிழ்த்துவிட்டார்கள். காளையின் வேகம் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் சோதனையாம் அது! வழக்கமாக ஒரு காளை, கால் மணி நேரம், அதோடு சரி. அன்றோ ஆறு காளைகள். பல மணி நேரம்.

கால்நடை மருத்துவருக்கு அழைப்பு வந்தது. ஓடினார். பார்த்தார். பின்னங்கால்கள் ஒடிந்திருந்தன. உடல் கிழிந்திருந்தது. இனிப் பிழைக்காது என்பது படித்துப் பட்டம் பெற்ற மருத்துவருக்கு மட்டுமா தெரியும்? மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் தெரியும். ஒரே ஒரு ஊசி போட்டால் நோவு அடங்கி உயிர் பிரியும். அதைச் செய்யத்தான் அவர் விரும்பினார். ஆனால் சோதனைக்குப் பொறுப்பான அறிவியலாளர் 'சரி' என்று சொல்லியாக வேண்டும். அவரையோ பிடிக்க முடியவில்லை. மருத்துவர் காத்திருந்தார். பசுவும் காத்திருந்தது. சில மணி நேரம் கழித்து, யாருடைய அனுமதியையும் கேட்காமல் அது செத்தது.

அமெரிக்காவிலே, நெப்ராஸ்கா மாநிலத்திலே, கிளே சென்டர் என்ற சிற்றூரை அடுத்த அரசாங்கக் கால்நடை ஆராய்ச்சிப் பண்ணையிலே 1989ஆம் ஆண்டு நடந்தது என்று, அந்த மருத்துவரே பின்னாளில் நியூயார்க் டைம்ஸ் ஏட்டுக்குச் சொன்ன செய்தி இது. 2015 ஜனவரியிலே அந்த ஏடு வெளியிட்டது.

இதைச் சென்ற வாரம் ஒரு படிப்பகத்திலே நாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆலைத் தொழிலாளத் தோழர் ஒருவர் குறுக்கிட்டார். "மனிதனுக்கே இங்கே நீதி இல்லை. சாக்கடைக் குழியில் இறங்கியவன் மூச்சுமுட்டிச் சாகிறான். அமெரிக்கா மாட்டுக்கு நாம் அழ வேண்டுமா, அண்ணே?" என்றார். சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். ஆனால் அந்தத் தோழரின் கேள்வியிலேயே நம் பதிலும் அடங்கியிருக்கிறது. சாக்கடைக் குழிக்கு மேலேயும் மேற்பார்வையாளர் என்று ஒருவர் நிற்கத்தானே செய்கிறார்? 'இறங்காதே' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்ததா, இல்லையா? இருந்திருந்தால் செத்தவன் வீட்டிலே அடுப்பு எரிந்திருக்கும். நெப்ராஸ்காவிலே பசு, இங்கே மனிதன். மேற்பார்வை என்ற பெயரில் ஒருவரை நிறுத்திவைத்து, அவர் கையைக் கட்டிவிடும் கொடுமை இரண்டிலும் ஒன்றே. அதைத்தான் எழுதுகிறோம்.

பசுவைத் தாயென்று கும்பிட்டு, கோமியத்தைக் குடுவையிலே ஏந்தி நிற்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் நாம் என்பதும் தோழர்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்துக்குப் பசு வேண்டும்; பசுவுக்கு வைத்தியம் பார்ப்பவன் வேண்டாம். நமக்குப் பசு ஒரு உயிர். வலித்தால் துடிக்கும் உயிர். அவ்வளவுதான். அது போதும்.

கிளே சென்டர் பண்ணை ஏதோ தனியொரு பணக்காரனின் தொழுவம் அன்று. அமெரிக்க வேளாண்மைத் துறைக்குச் சொந்தமானது. பரப்பு ஏறத்தாழ 35,000 ஏக்கர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்கு வெடிமருந்தும் குண்டும் செய்து அடுக்கிவைத்த இடம் அது. போர் முடிந்தது, குண்டுக்கு வேலையில்லை. 1964ஆம் ஆண்டு அந்த நிலம் கால்நடை ஆராய்ச்சிக்கென்று மாற்றப்பட்டது. குண்டு வைத்திருந்த கட்டடங்கள் புல்வெளிக்கு நடுவே நின்றன. அவற்றைச் சுற்றி மாடும் ஆடும் மேய்ந்தன, பன்றிகள் பட்டிகளிலே வளர்ந்தன. மக்களின் வரிப்பணத்திலே நடக்கும் ஆராய்ச்சி. நோக்கம் என்ன? இறைச்சிக்கு வளர்க்கும் கால்நடையிலிருந்து அதிகப் பலன் பெறுவது; குறைந்த செலவிலே பெறுவது.

அதிகப் பலன் என்றால் என்ன பொருள் என்று கேளுங்கள். பசு இயல்பாக ஓர் ஈற்றுக்கு ஒரு கன்று ஈனும். இரட்டை ஈன்றால் அதை ஊரே வந்து வேடிக்கை பார்க்கும். 1981ஆம் ஆண்டு முதல் அந்தப் பண்ணையிலே, இரட்டை ஈனும் பசுக்களையே பொறுக்கியெடுத்து, தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார்கள். ஒரு வயிற்றிலே இரண்டு கன்று! முதலாளிக்கு எவ்வளவு இனிக்கும் செய்தி! ஆனால் தாயின் கருப்பையிலே இரண்டு கன்று முட்டிக்கொண்டு, கால் மாறிப் புரண்டு, வெளிவர வழியின்றித் தவிக்கும்போது, கைவிட்டு எடுப்பவன் யார்? கால்நடை மருத்துவன். இரட்டையில் ஒன்று காளைக் கன்றாகவும் மற்றது கிடாரியாகவும் இருந்தால், அந்தக் கிடாரிகளிலே 100க்கு 90க்கு மேல் மலடாகிவிடும் என்பது கால்நடை மருத்துவம் நெடுங்காலமாக அறிந்த உண்மை. காளைக் கன்றின் இரத்தம் கருப்பையிலேயே கிடாரியின் இரத்தத்தோடு கலப்பதால் வரும் கேடு அது. கணக்கிலே கன்று இரண்டு. நாளைக்குக் கறவைக்கும் ஈற்றுக்கும் உதவுமா என்று பார்த்தால்?

இன்னொன்று. 'எளிய பராமரிப்புச் செம்மறி' என்று ஒரு திட்டம். பெயர் எவ்வளவு அழகாக இருக்கிறது! யாருக்கு எளிது? ஆடு, கொட்டகையிலே அல்ல, திறந்த வெளியிலே, மனிதர் உதவியின்றித் தானே ஈன்று, தானே குட்டியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அப்படிக் காப்பாற்றும் ஆடுகளையே பொறுக்கி இனம் பெருக்க வேண்டும். ஏன்? கொட்டகைச் செலவு மிச்சம். ஆட்டுக்காரனுக்குக் கொடுக்கும் கூலி மிச்சம்! தொழிலாளத் தோழர்களே, இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். நடுங்கவைக்கும் காற்றும், நரி போன்றதொரு காட்டு விலங்கும் உலவும் வெளியிலே ஈரம் உலராத குட்டி கிடக்கும். தாயால் கைவிடப்பட்ட குட்டி பாலின்றிச் சாகும். பார்த்துக்கொண்டு நிற்பவன் கைநீட்டித் தூக்கினால் சோதனை கெட்டுவிடும்! கூலியை மிச்சம்பிடிக்கும் ஆராய்ச்சிக்கு, கூலிக்காரனின் இரக்கமே தடையாகிவிட்டது. மடிந்த குட்டிகளைப் பற்றியும் அந்த ஏடு எழுதியது.

உடனே ஒரு குரல் வரும்: "ஆராய்ச்சியே வேண்டாம் என்கிறீரா? பகுத்தறிவு பேசுபவர் அறிவியலுக்குக் குறுக்கே நிற்கலாமா?"

நிற்கவில்லை. நிற்கவும் மாட்டோம். வெக்கை நோய் என்று ஒன்று இருந்தது. பெரியவர்களைக் கேளுங்கள். ஊருக்குள்ளே புகுந்தால் தொழுவம் தொழுவமாகக் காலி செய்துவிட்டுப் போகும். ஏர் நிற்கும், ஏற்றம் நிற்கும், வண்டி நிற்கும். உழவன் நிற்பான், நடுத்தெருவிலே. மாரியாத்தாளின் கோபம் என்று கூழ் ஊற்றினார்கள், கிடா வெட்டினார்கள், வேப்பிலை கட்டினார்கள். வெக்கை அசைந்ததா? 1920களிலே இமயமலைப் பக்கம் முக்தேசுவரத்து ஆய்வுக்கூடத்திலே, நோய்க்கிருமியை ஆடுகளின் உடலிலே மாற்றி மாற்றிச் செலுத்தி, அதன் கொடுமையைத் தணித்துத் தடுப்பூசி கண்டார்கள். 1932ஆம் ஆண்டு நம் ராணிப்பேட்டையிலே கால்நடைகளுக்கான சீரம் நிலையம் தோன்றியது. 1960ஐ ஒட்டி, ஆப்பிரிக்காவின் கென்யாவிலே வால்டர் பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயக் கால்நடை மருத்துவர் இன்னும் சிறந்த தடுப்பூசியை உருவாக்கினார். 2011ஆம் ஆண்டு, வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதனின் பெரியம்மைக்குப் பிறகு, மண்ணிலிருந்து முற்றாகத் துடைக்கப்பட்ட நோய் அது ஒன்றுதான். ஆத்தாள் செய்யாததை ஆய்வுக்கூடம் செய்தது! அந்த ஆய்வுக்கூடங்களிலே ஆடும் மாடும் வலி பொறுத்தன, செத்தன. அதை மறைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறோம்: ஆராய்ச்சிக்கூடம் இருக்கட்டும், அதற்குள்ளே அந்த உயிர்களின் சார்பிலே பேச ஓர் ஆள் இருக்கட்டும், அந்த ஆளின் சொல்லுக்கு வலிமை இருக்கட்டும்.

யார் அந்த ஆள்? மேற்பார்வைக் கால்நடை மருத்துவர். அவர் வேலை என்ன தெரியுமா? விடியலிலே பட்டி பட்டியாகச் சுற்றிவருவார். எந்த மாடு அசைபோடவில்லை, எது காதைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கிறது, எதன் நடையிலே நொண்டல், எதன் மடியிலே வீக்கம் என்று பார்ப்பார். மாட்டுக்கு வாய் கிடையாது. அதன் நோவை அதன் நிழலிலே படிக்க வேண்டும். தீவனம் போடுபவர்களுக்கும் பட்டி காப்பவர்களுக்கும் கற்றுக்கொடுப்பார். அவர்களிடம் கேட்டும் தெரிந்துகொள்வார். நல்ல மருத்துவர் யார் என்பதற்கு அடையாளம் இது: பட்டிக்காரன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர், இரவெல்லாம் மாட்டோடு இருப்பவன் அவன்தானே! புதிதாக வந்த கால்நடையைத் தனியே நிறுத்தி நோய் இல்லை என்று உறுதிசெய்வார். அறுவை என்றால் மயக்க மருந்து, அதன் பிறகு வலி அடக்கும் மருந்து. செத்ததை அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதுவார். எல்லாவற்றுக்கும் முன்னதாக, சோதனைத் திட்டம் தாளிலே இருக்கும்போதே அதைப் படித்து, 'இந்த அளவுக்கு மேல் வேதனை வந்தால் சோதனையை நிறுத்து' என்ற வரி அதிலே இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் எழுதச் சொல்வார்.

எழுதச் சொல்லலாம். நிறுத்தச் சொல்ல முடியுமா? இங்கேதான் அமெரிக்கச் சட்டத்தின் வேடிக்கை வருகிறது. சற்று விரிவாகவே பார்ப்போம்.

1965ஆம் ஆண்டு, பென்சில்வேனியா மாநிலத்திலே ஒரு குடும்பம் வளர்த்த நாய் காணாமற் போயிற்று. பெப்பர் என்று பெயர். திருடி விற்றுவிட்டார்கள். கைமாறிக் கைமாறி, நியூயார்க்கிலே ஒரு மருத்துவமனைச் சோதனைக்கூடத்திலே போய்ச் செத்தது. குடும்பம் கதறியது, ஏடுகள் எழுதின. 1966 பிப்ரவரியிலே லைஃப் இதழ் நாய் வணிகர்களின் பட்டிகளைப் படம் பிடித்துப் போட்டது. எலும்பும் தோலுமான நாய்களைப் பார்த்து அமெரிக்கா கொதித்தது. கடிதங்கள் மலைபோல் குவிந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் சட்டத்திலே கையெழுத்திட்டார். ஆய்வுக்கூட விலங்குகளைக் காக்கும் சட்டம். ஒரு நாய் போட்ட சட்டம் என்றே சொல்லலாம். 1970இலே அதை விரித்தார்கள். 1985இலே இன்னும் இறுக்கினார்கள்: ஒவ்வோர் ஆய்வுக்கூடத்திலும் குழு அமைய வேண்டும், அதிலே ஒரு கால்நடை மருத்துவரும், கூடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெளியார் ஒருவரும் இருக்க வேண்டும். பேணும் மருத்துவருக்கு உரிய அதிகாரம் இருக்க வேண்டும் என்று விதிகளே கூறுகின்றன.

நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். ஆனால் 1970இலே சட்டத்தை விரித்த அதே கை, ஒரு கதவையும் சாத்திவிட்டது. உணவுக்காகவோ, ஆடைக்கான கம்பளி போன்றவற்றுக்காகவோ, இனப்பெருக்கம், தீவனம், உற்பத்தித் திறன் ஆகியவற்றை மேம்படுத்துவதற்காகவோ பயன்படும் பண்ணைக் கால்நடைகள் இந்தச் சட்டத்துக்கு உட்படா!

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒரே தாய், ஒரே ஈற்று, இரண்டு பன்றிக் குட்டிகள். ஒன்றை மருத்துவக் கூடத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள், மனித இதயத்துக்கான அறுவையைப் பழகிப் பார்க்க. அதற்குச் சட்டம் உண்டு, குழு உண்டு, மயக்க மருந்து பற்றிக் கேள்வி உண்டு, மேற்பார்வை மருத்துவருக்கு அதிகாரம் உண்டு. மற்றதை இறைச்சி ஆராய்ச்சிக் கூடத்துக்கு எடுத்துச் செல்கிறார்கள், அதன் தொடையிலே சதை எப்படி ஏறும் என்று பார்க்க. அதற்குச் சட்டம் இல்லை! கத்தி ஒன்றே, தோல் ஒன்றே, அலறல் ஒன்றே. போகிற வாசல் வேறு என்பதால் ஒன்றின் வலி வலியாகவும், மற்றதன் வலி காற்றாகவும் ஆகிவிட்டது. பிறந்த தெருவைப் பார்த்து மனிதனுக்கு மதிப்பு போட்ட நாட்டிலே பிறந்த நமக்கு, இந்தக் கணக்கு புரியாமலா போகும்?

"எப்படியும் வெட்டத்தானே போகிறோம், இடையிலே என்ன இரக்கம்?" என்பார்கள் சிலர். அவர்களுக்கு அமெரிக்கச் சட்டமே பதில் சொல்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மாடு, பன்றி, ஆடுகளை வெட்டுமுன் உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்கிறது. ஆக, வெட்டுக்கூடத்திலே கடைசி நிமிடத்துக்குக் காவல் உண்டு. ஆராய்ச்சிப் பண்ணையிலே கழிந்த ஆண்டுகளுக்குக் காவல் இல்லை. கசாப்புக்காரனிடம் எதிர்பார்த்த இரக்கத்தை அறிஞரிடம் எதிர்பார்க்கவில்லை போலும்!

ஏடு எழுதியதும் அமெரிக்க வேளாண் அமைச்சர் டாம் வில்சாக் ஆய்வுக்கு உத்தரவிட்டார். வெளியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்தார்கள். 2015 மார்ச்சிலே அறிக்கை வந்தது. நாம் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்க விரும்பவில்லை, முழுவதையும் சொல்கிறோம். தாங்கள் பார்த்த விலங்குகள் நன்றாகவே பேணப்பட்டன என்றனர் வல்லுநர்கள். ஆனால் சோதனைகளைக் கண்காணிக்க வேண்டிய குழு, செயல்பட வேண்டியபடி செயல்படவில்லை என்றும் சொன்னார்கள். 2016இலே வேளாண் துறையின் தணிக்கைத் தலைவர், ஏட்டின் கூற்றுகளில் 33ஐ எடுத்து ஆராய்ந்தார். 7 மட்டுமே பெருமளவு சரி. மற்ற 26 தவறானவை, அல்லது பின்னணி சொல்லாமல் விடப்பட்டவை, அல்லது உறுதிசெய்ய இயலாதவை என்றார்.

அப்படியானால் எல்லாம் பொய்யா? பண்ணையின் ஆதரவாளர்கள் அப்படித்தான் கொண்டாடினார்கள். ஆனால் 'உறுதிசெய்ய இயலவில்லை' என்றால் என்ன? பதிவேடு இல்லை, கேட்க ஆளில்லை, ஆண்டுகள் பல ஓடிவிட்டன என்பதும் அதற்குள்ளே அடங்கும் அல்லவா? மருத்துவருக்கு அதிகாரமும், அவர் எழுதும் குறிப்புக்கு மதிப்பும் முதல் நாளிலிருந்தே இருந்திருந்தால், கால் நூற்றாண்டு கழித்து ஏட்டுக்காரரும் தணிக்கைக்காரரும் யார் சொல் மெய் என்று மல்லுக்கட்ட வேண்டிய தேவை இருந்திருக்காது. அதிகாரமுள்ள மேற்பார்வை, விலங்குக்கு மட்டும் பாதுகாப்பன்று. நேர்மையாக உழைக்கும் அறிவியலாளருக்கும் அதுவே பாதுகாப்பு. பண்ணையிலே நல்லவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அவர்களின் நற்பெயரைக் காப்பாற்றவும் ஒரு காகிதம் இல்லாமற் போயிற்றே!

அமெரிக்க நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 2015 பிப்ரவரியிலே, அரசாங்கப் பண்ணை ஆராய்ச்சிக் கூடங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. ஆனால் ஆண்டு முடிவிலே பணப்பெட்டியின் வழியாகப் பிடித்தார்கள். வேளாண் ஆராய்ச்சித் துறையின் பணத்திலே 100க்கு 5 பங்கை நிறுத்திவைத்து, 'விலங்கு நலச் சட்டத்தின் விதிகளை உங்கள் கூடங்களிலும் நடைமுறைப்படுத்துங்கள், பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்' என்றார்கள். அதன் பிறகு வேளாண் துறையின் இன்னொரு பிரிவு அந்தக் கூடங்களைச் சோதிக்க ஏற்பாடாயிற்று. பசுவின் கண்ணீருக்கு இளகாத அலுவலகம் பணத்துக்கு இளகியது! பரவாயில்லை, இளகியதே, அது போதும். ஆனால் சட்டத்தின் வாசகம் மாறவில்லை. பல்கலைக்கழகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் இறைச்சிக்கும் கம்பளிக்குமான ஆராய்ச்சியிலே நிற்கும் கால்நடைக்கு அந்தக் கதவு இன்னும் சாத்தியேதான் இருக்கிறது.

இங்கிலாந்து வேறு வழி சென்றது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலே, ஆராய்ச்சிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் பெயர் குறித்து ஒரு கால்நடை மருத்துவரை நியமிக்க வேண்டும் என்றார்கள். பன்றி இதயத்துக்கா, பன்றி இறைச்சிக்கா என்ற கேள்வியே அங்கே கிடையாது. முதுகெலும்புள்ள விலங்கென்றால் சட்டம் உண்டு. வெள்ளைக்காரனைப் புகழ்வது நம் வேலையன்று. ஆனால் நல்லது செய்தால் நல்லது என்போம்.

இனி நம் தொழிலாளத் தோழருக்கு வருவோம். ஆலையிலே கொதிகலனைப் பார்க்க வரும் ஆய்வாளரை நினைத்துப் பாருங்கள். அவர் முதலாளியிடம் சம்பளம் வாங்குபவர் அல்லர். 'இந்தக் கொதிகலன் தாங்காது' என்று அவர் எழுதினால் நெருப்பை அணைத்தாக வேண்டும். முதலாளி வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் கேட்டுக்கொண்டு அணைக்கலாம் என்று யாராவது சொன்னால் என்ன ஆகும்? வெடிக்கும்! 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தை எழுதியவர்கள், தொழிலாளியின் உடலைச் சோதித்துச் சான்று தரும் மருத்துவரை மாநில அரசே நியமிக்க வேண்டும், அந்தத் தொழிற்சாலையிலே நேராகவோ மறைவாகவோ ஆதாயம் உள்ளவரை நியமிக்கக் கூடாது என்று எழுதினார்கள். ஏன் எழுதினார்கள்? மருத்துவரின் சோறு முதலாளியின் கையிலே இருந்தால், மருத்துவரின் நாக்கும் அவர் கையிலேயே இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். தொழிலாளிக்கு உணர்ந்த இந்த உண்மையை, வாயில்லாத உயிர் விஷயத்திலே நெப்ராஸ்கா உணர 50 ஆண்டு பிடித்தது.

நம் கழகத்தாருக்கோ இந்த நோய் மிகவும் பழக்கமானது. பொறுப்பு இங்கே, சாவி அங்கே! வெள்ளம் வந்தால் மக்கள் கேட்பது மாநில அரசை. பணம் இருப்பது டில்லியிலே. பள்ளிக்கூடம் நடத்துவது நாம். பாடம் என்னவென்று சொல்ல வருவது அவர்கள். 1969இலே இராசமன்னார் குழுவை அமைத்துக் கழக ஆட்சி எழுப்பிய கேள்வியும் இதுதானே? அனுமதிக்குக் காத்திருக்கும் அரசுக்கும், அனுமதிக்குக் காத்திருந்த அந்த மருத்துவருக்கும் என்ன வேறுபாடு என்று நமக்கு ஒரு கணம் தோன்றியது, எழுதிவிட்டோம். பசுவின் கதையிலே அரசியலைப் புகுத்துகிறார் என்பார்கள். புகுத்தவில்லை, ஐயா. அது ஏற்கெனவே அங்கே படுத்திருந்தது.

நம் நாட்டிலே நிலை என்ன? 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், சோதனைகளை அனுமதிக்கிறது. அவற்றைக் கட்டுப்படுத்தக் குழுவும் அமைக்கச் சொல்கிறது. ஆய்வுக்கூடத்துக் குழுவிலே, விலங்குகளைப் பேணும் கால்நடை மருத்துவர் ஒருவருக்கு நாற்காலி உண்டு. நாற்காலி உண்டு, சரி. தமிழ்நாட்டுக்கு இந்தத் துறையிலே பழைய பெருமையும் உண்டு. வேப்பேரியிலே கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலேயே தொடங்கியது. கழக ஆட்சியின்போது 1989இலே, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடைக்கென்று தனிப் பல்கலைக்கழகம் கண்டோம். நெப்ராஸ்காவிலே அந்தப் பசு செத்த அதே ஆண்டு! உழவன் வீட்டுப் பிள்ளைகள், தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், பாட்டன் காலத்திலே மாட்டுக் கொட்டகையைத் தாண்ட அனுமதிக்கப்படாதவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று கால்நடை மருத்துவர்களாக வெளிவருகிறார்கள். அவர்களில் பலர் அரசுப் பண்ணைகளிலும் ஆராய்ச்சிக்கூடங்களிலும் மேற்பார்வைப் பொறுப்பிலே அமர்வார்கள். அமரும்போது அவர்கள் கையிலே என்ன இருக்கும்?

அடுத்த முறை கால்நடைத் துறையின் மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது, நம் உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டும். ஆராய்ச்சிப் பண்ணையிலே நள்ளிரவு 2 மணிக்கு ஒரு மாடு கால் ஒடிந்து விழுந்தால், சோதனையை நிறுத்தவும் நோவைத் தீர்க்கவும் பணியிலுள்ள மருத்துவர் யாரையாவது கேட்க வேண்டுமா? கேட்காமலே செய்தார் என்பதற்காக அவருக்கு மாறுதல் ஓலை வருமா? அவருடைய நன்னடத்தைக் குறிப்பை எழுதுவது யார்? சோதனை நடத்தும் அதே அதிகாரியா, வேறொருவரா? 'இது தப்பு' என்று பட்டிக்காரன் ஒருவன் சொன்னால், அவன் தினக்கூலி மறுநாளும் நிலைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு அமைச்சரின் பதில் எழுத்திலே வேண்டும். வந்த பதிலை ஒவ்வொரு பண்ணையின் வாசற் பலகையிலும், அன்றைய இரவுப் பணி மருத்துவரின் பெயருக்குப் பக்கத்திலே, பட்டிக்காரனும் படிக்கக்கூடிய தமிழிலே எழுதி மாட்ட வேண்டும்.